சாவு வீடு, காதல், பிரிவு: என்ன சொல்வது, எப்படி எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரங்கல் செய்தி, அஞ்சலி சுவரொட்டி, மரண அறிவிப்பு, நின்றுபோன நிச்சயத்தை உறவுக்காரர்களுக்குத் தெரிவிக்கும் நாலு வரி என்று எழுத்து உதவி கேட்டு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. சாவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் அந்தப் பகுதி நீளம். எல்லாப் பதில்களுக்கும் நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நீங்கள் சொல்வது கேட்பவர் தலையில் ஒரு வேலையைக் கட்டக் கூடாது. பதில் சொல்வது, விளக்கம் தருவது, உங்களைத் தேற்றுவது எல்லாமே அவருக்கு அப்போது பெரிய வேலைகள்.

1. சாவு வீட்டுக்குப் போனா வாயே வரமாட்டேங்குது. என்னதான் சொல்லணும்?

ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். துக்கம் விசாரிக்கப் பேச்சு கட்டாயம் என்று எந்த ஊரிலும் வழக்கம் இல்லை. கும்பிட்டுவிட்டு, நெருங்கிய உறவில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் போதும். பல ஊர்களில் ஆண்கள் கை நீட்டித் தொட்டு விசாரிப்பதோடு சரி. வீட்டார் "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளம்பும்போது நீங்களும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் கிளம்புங்கள்.

பேசத்தான் வேண்டும் என்று தோன்றினால் இரண்டு வாக்கியம் போதும். ஒன்றில் இறந்தவரை நீங்கள் கூப்பிட்ட முறையில் சொல்லுங்கள். இன்னொன்றில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள். "அத்தை போயிட்டாங்கன்னு கேட்டதும் கையும் ஓடல காலும் ஓடலக்கா. எந்நேரம் வந்தாலும் ஒரு வாய் சாப்பிட வைக்காம அனுப்ப மாட்டாங்களே." அத்தோடு நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது வாக்கியத்தில்தான் பெரும்பாலும் தத்துவமும் ஆறுதலும் எட்டிப் பார்க்கும். கேட்பவரைச் சுடுவதும் அதுதான்.

2. ஆறுதலா நினைச்சு சொல்றது எது அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்?

முதலில் "எப்படி ஆச்சு?" வருகிற ஒவ்வொருவரும் கேட்பதால், அந்தக் கடைசி மணி நேரத்தை வீட்டார் காலையிலிருந்து திரும்பத் திரும்ப வாழ வேண்டியிருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வெளியே ஷாமியானாவில் உட்கார்ந்திருக்கும் பங்காளி யாரையாவது கேளுங்கள். அதைவிட மோசமானது, "முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே." அந்த ஒரு வரியை மகனோ மனைவியோ ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

"அழாதே, நீயே இப்படி இருந்தா பிள்ளைங்களை யார் பாக்குறது", "கல்யாணச் சாவு, அனுபவிச்சுட்டுத்தானே போனார்", "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான்" மூன்றுமே வேண்டாம். தொண்ணூறு வயது என்று ஊர் சொல்லலாம். அறுபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷிக்கு அது கல்யாணச் சாவு இல்லை.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதும் நல்ல மனதோடு சொல்லப்படும் வெறும் வார்த்தைதான். என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலை அவருக்குப் போய்விடுகிறது. செய்யப்போவதைச் சொல்லுங்கள். எடுக்கும்வரை பல வீடுகளில் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். "காலையில இருபது பேருக்கு இட்லியும் காபியும் நான் கொண்டு வந்துடறேன்" என்று சொல்லலாம். காரியம் முடிந்த பிறகு, "டெத் சர்டிபிகேட்டுக்கு நான் கூட வர்றேன், திங்கக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துடறேன்" என்று சொல்லலாம். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் அலைச்சல் குறைவு. தள்ளிப்போனால் தாமதக் கட்டணம், மேலதிகாரி அனுமதி என்று நீளும்; துக்கத்தில் இருக்கும் வீட்டில் இது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

3. "பாடி எப்ப எடுக்குறாங்க"ன்னு கேக்கலாமா?

வீட்டார் காதில் விழும்படி வேண்டாம். நேற்றுவரை அப்பாவாக இருந்தவர் அவர்களுக்கு இன்றும் அப்பாதான். "ஐயாவை எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?", "அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சா?" என்று உறவுச் சொல்லோடு கேட்டால் யாரையும் உறுத்தாது. ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடமும் மார்ச்சுவரியிலும் பேசும்போதுகூட இப்படியே பேசுங்கள். பக்கத்தில் மகன் நிற்கலாம்.

4. வாட்ஸப்ல "ஆழ்ந்த இரங்கல்" மட்டும் போட்டா போதுமா?

குழுவில் போதும். அங்கே நீளமாக எழுதினால், அடுத்து எழுதுபவருக்கும் நீளமாக எழுத வேண்டிய கட்டாயம் வந்துவிடும். வீட்டார் அறிவிக்கும் முன் எந்தக் குழுவிலும் ஸ்டேட்டஸிலும் நீங்கள் போடக் கூடாது. துபாயில் இருக்கும் மகன், அம்மா போன செய்தியை யாரோ வைத்த ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொள்வது அடிக்கடி நடக்கிறது.

நெருங்கியவர் என்றால் தனியாக எழுதுங்கள். முதல் பதிலில் சொன்ன இரண்டு வாக்கியத்தோடு, நீங்கள் எப்போது வருவீர்கள் என்பதையும், பதில் வேண்டாம் என்பதையும் சேர்த்தால் செய்தி முழுமையாகிவிடும். இப்படி:

"செல்வி, அப்பா விஷயம் இப்பதான் தெரிஞ்சுது. லீவு விட்டா நம்மளை டிவிஎஸ் ஃபிஃப்டில ரெண்டு ரெண்டு பேரா ஏத்திட்டுப் போயி கிணத்துல இறக்கி விடுவாரே, அதுதான் கண்ணுல நிக்குது. நான் வியாழக்கிழமை ஊருக்கு வந்துடுவேன். இதுக்குப் பதில் போட வேணாம்."

அந்த டிவிஎஸ் ஃபிஃப்டி வரியை வேறு யாராலும் எழுத முடியாது. செல்வி பத்து வருஷம் கழித்துப் போனில் தேடி எடுத்துப் படிப்பது அந்த வரியைத்தான். உங்களிடம் அப்படி ஒன்று இல்லை என்றால் கற்பனையாகச் சேர்க்காதீர்கள். "உங்க அம்மாவை நான் பார்த்ததில்ல, ஆனா நீங்க தினமும் மத்தியானம் அவங்ககிட்ட போன்ல பேசுறதைப் பாத்திருக்கேன்" என்பதே போதும்.

5. காலமானார், இறைவனடி சேர்ந்தார், இயற்கை எய்தினார்... எதை யாருக்குப் போடணும்?

சந்தேகம் என்றால் "காலமானார்". எந்த வீட்டுக்கும் பொருந்தும். சைவக் குடும்பங்களில் "சிவலோக பதவி அடைந்தார்", வைணவக் குடும்பங்களில் "வைகுண்ட பதவி அடைந்தார்", ஸ்ரீவைஷ்ணவர்களிடையே "ஆசார்யன் திருவடி அடைந்தார்" என்று போடுவார்கள். கிறிஸ்தவர்களில் சீர்திருத்த சபையினர் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்பார்கள். கத்தோலிக்கர்களிடம் "இறைவனில் இளைப்பாறினார்" அதிகம். பகுத்தறிவு இயக்கக் குடும்பங்கள் "இயற்கை எய்தினார்" அல்லது "மறைந்தார்" என்று போடுவார்கள். அங்கே பதினாறாம் நாள் காரியத்துக்குப் பதில் படத்திறப்பு, நினைவேந்தல் என்று வரும். கட்சிக்காரர் என்றால் வீரவணக்கமோ செவ்வணக்கமோ எது என்பதைத் தோழர்களிடம் கேட்டுப் போடுங்கள்.

முஸ்லிம் வீடுகளில் "வஃபாத்தானார்", "மௌத்தாகிவிட்டார்" என்பார்கள். "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன்" அறிவிப்பின் தலையில் வரும். அங்கே அடக்கம் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால், செய்தி வந்ததும் ஜனாஸா தொழுகை எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளிவாசல் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதுவதைப் பிறகு பார்க்கலாம்.

அடிக்கடி நடக்கும் பிழை, "ஆத்மா சாந்தியடையட்டும்" என்பதை எல்லோருக்கும் அனுப்புவது. கடவுள் நம்பிக்கை இல்லாமல் வாழ்ந்தவரின் பிள்ளைகளுக்கு அது அப்பாவைத் தெரியாதவர் எழுதியது போல இருக்கும். முஸ்லிம் நண்பருக்கும் அது அவர்கள் வழக்கில் இல்லாத சொல். "உங்கள் துக்கத்தில் நானும் கலந்துகொள்கிறேன்" என்பது எங்கேயும் இடிக்காது.

6. பேப்பர் விளம்பரமும் போஸ்டரும் நான்தான் எழுதணும்னு சொல்லிட்டாங்க. என்னென்ன இருக்கணும்?

முன்னெழுத்தோடு பெயர், வயது, சொந்த ஊர், பார்த்த வேலை, இறந்த நாளும் நேரமும், எங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்பாடு, எந்த மயானம் அல்லது கல்லறை, தொடர்புக்கு இரண்டு எண்கள். அந்த எண்கள் மனைவியுடையதோ மூத்த மகனுடையதோ வேண்டாம். மச்சான், தம்பி மகன் என்று போன் எடுக்கும் நிலையில் உள்ளவர்களுடையதைப் போடுங்கள். பேப்பரில் அளவுக்குத்தான் காசு. இடம் போதவில்லை என்றால் அடைமொழிகளை வெட்டுங்கள். புறப்படும் நேரத்தையும் இடத்தையும் வெட்டக் கூடாது.

தோற்றம், மறைவு தேதிகளில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பெரியவர்களுக்கு ஆதாரில் இருக்கும் பிறந்த தேதி பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டதாக இருக்கும். எதைப் போடுவது என்று வீட்டார் ஒருவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பதினாறாம் நாளை இறந்த அன்றிலிருந்து எண்ணுவதா மறுநாளிலிருந்தா என்பது வீட்டுக்கு வீடு மாறும். காரியம் செய்து வைப்பவரைக் கேட்காமல் தேதியை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு ஆபத்து "காலஞ்சென்ற" என்ற சொல். "காலஞ்சென்ற முருகேசன் - லட்சுமி தம்பதியரின் மகன்" என்று போட்டால் உயிரோடிருக்கும் லட்சுமியம்மாளையும் சேர்த்து அனுப்பிவிட்டதாக ஆகும். "லட்சுமி அவர்களுக்கும் காலஞ்சென்ற முருகேசன் அவர்களுக்கும் மகன்" என்று உயிரோடிருப்பவரை முதலில் வையுங்கள். படம் கேட்கும்போது வாட்ஸப்பில் சுற்றி வந்ததை வாங்காதீர்கள். ஃப்ளெக்ஸில் பெரிதாக்கும்போது முகம் கட்டம் கட்டமாக உடையும். அசல் ஃபோட்டோவை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கடைசியாக, குடும்பத்தைச் சேராத ஒருவரை வைத்து ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டார் கண்ணுக்கு அன்றைக்கு எந்தப் பிழையும் தெரியாது.

7. எங்க மாமி யாழ்ப்பாணம். அங்க போடுற மாதிரி அறிவித்தல் எழுதணும், அது வேற மாதிரி இருக்கே?

ஆமாம், அதற்குத் தனி ஒழுங்கு உண்டு. முதல் வாக்கியம் இடத்தில் தொடங்கும்: "யாழ். சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று போட்டு, பெயர், தேதி, "இறைவனடி சேர்ந்தார்" என்று முடியும். அடுத்தது "அன்னார்" என்று தொடங்கி, பெற்றோர், மாமன் மாமியார், கணவர், பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், பேரப்பிள்ளைகள் என்று உறவு வரிசையில் நீண்டு போகும். "...அன்பு மகளும், ...அன்பு மனைவியும், ...பாசமிகு தாயாரும்" என்று எல்லாம் "உம்" சேர்ந்து, கடைசியில் "ஆவார்" வரும். பிறகு "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்".

மேலே சொன்ன "காலஞ்சென்ற" சிக்கல் இங்கே இரட்டிப்பு, பெயர்கள் அவ்வளவு. உயிரோடிருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் இருக்கும் நாட்டை அடைப்புக்குள் போடுவது வழக்கம். கிரியை நேரம் எழுதும்போது அது எந்த ஊர் நேரம் என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். லண்டனிலும் சிட்னியிலும் இருந்து நேரலையில் பார்ப்பார்கள். 31ஆம் நாள் காரியமான அந்தியேட்டிக்கு வேறு அழைப்பு வரும், அதை இதில் சேர்க்க வேண்டாம்.

8. சொத்துத் தகராறு. அண்ணன் பேரை போஸ்டர்ல போடக் கூடாதுங்கறாங்க. என்ன செய்ய?

யார் பெயரையும் போடாதீர்கள். "மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்" என்று உறவு மட்டும் போட்டால் ஒருவரை மட்டும் விட்ட குறை தெரியாது. சுவரொட்டியில் பெயர் விட்டுவிட்டால் பங்கும் போய்விடும் என்றோ, போட்டால் பங்கு வந்துவிடும் என்றோ இரண்டு பக்கமும் நினைப்பதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணைக்குப் பிறகு தருவது. சுவரொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாலே பலர் இறங்கி வருவார்கள்.

9. அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட, தாத்தா செத்துட்டார்னு எப்படிச் சொல்றது?

"செத்துட்டார்", "இறந்துட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். "தூங்குறார்" என்றால் பிள்ளை ராத்திரி தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்கார்" என்றால் வாசலில் காத்திருக்கும். திரும்பி வராததற்குத் தான் செய்த குறும்பு காரணம் என்று நினைக்கும். "சாமிகிட்ட போயிட்டார்" என்பதை மட்டும் சொன்னால், "நாமளும் போலாமா?" என்று கேட்கும்.

உடம்பை வைத்து விளக்குங்கள். "தாத்தாவோட உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. மூச்சு விட மாட்டார், பசிக்காது, வலிக்காது. திரும்ப எழுந்திருக்க மாட்டார். நீ பண்ண எதாலயும் இது நடக்கல. அம்மா அப்பா உன் கூடத்தான் இருக்கோம்." இந்த வயதில் சாவு நிரந்தரம் என்பது ஒரே தடவையில் பிடிபடாது. சாயங்காலம் "தாத்தா எப்ப வருவார்?" என்று மறுபடி கேட்கும். அதே வார்த்தைகளில் அதே பதிலைச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிச் சொன்னால் குழம்பிவிடும். மயானத்துக்கு அழைத்துப் போகாவிட்டாலும், கடைசியாகப் பார்க்கவும் பூப்போடவும் பிள்ளை ஆசைப்பட்டால் விடுங்கள்.

10. தற்கொலைன்னு தெரியும். வீட்டுல நெஞ்சுவலின்னு சொல்றாங்க. நான் என்ன பேசுறது?

வீட்டார் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். துருவக் கூடாது. அவர்களே உண்மையைச் சொன்னால், "எப்படி", "ஏன்", "முன்னாடியே தெரியலையா" மூன்றையும் தொண்டையிலேயே நிறுத்திவிட்டு, இறந்தவர் வாழ்ந்ததைப் பற்றிப் பேசுங்கள். இந்த வீடுகளுக்குத்தான் ஆட்கள் வருவது சீக்கிரம் நின்றுவிடும். பத்தாம் நாளுக்கு மேல் ஒருமுறை போங்கள்.

எழுதும்போது முறையை எழுதாதீர்கள். ஒற்றைக் காரணத்தையும் எழுதாதீர்கள். "மார்க் குறைந்ததால்", "காதல் தோல்வியால்" என்று போட்டால், அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது வழி காட்டுவதாகிவிடும். "கோழை", "குற்றம் செய்தார்" போன்ற பேச்சும் வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. வீட்டில் மற்றவர்கள் நிலையும் கவலையாக இருந்தால் தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416, இலங்கையில் 1926 ஆகிய உதவி எண்களில் பேசலாம்.

11. தோழிக்குக் கரு கலைஞ்சுடுச்சு. இதுக்கெல்லாம் துக்கம் கேக்கலாமா?

கேட்க வேண்டும். "சீக்கிரம் அடுத்தது வந்துடும்", "ஆரம்பத்துலயே போனது நல்லதாப் போச்சு" இரண்டும் வேண்டாம். "கேள்விப்பட்டேன்டி. ரொம்பக் கஷ்டமா இருக்கு. பேசணும்னா பேசு, இல்லன்னா சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்." கணவனிடமும் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவரை யாரும் விசாரிப்பதில்லை.

12. ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. இப்ப போய் என்னன்னு கேக்குறது?

தாமதத்துக்குக் காரணம் ஒரு வரி, அதற்கு மேல் வேண்டாம். "இப்பதான் தெரிஞ்சுது, மன்னிச்சுக்கோங்க" என்று தொடங்கி, முதல் பதிலில் சொன்னது போலவே பேசுங்கள். ஆறாவது மாதத்தில் கேட்பதில் ஒரு நன்மையும் உண்டு: அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள், அவர் பெயரை யாராவது எடுக்க மாட்டார்களா என்று வீடு ஏங்கிக்கொண்டிருக்கும்.

கூடவே ஒன்று. அந்த வருஷம் அந்த வீட்டில் தீபாவளி, பொங்கல் இருக்காது. வாழ்த்துப் படத்தை எல்லோருக்கும் மொத்தமாக அனுப்பும் முன் பட்டியலிலிருந்து அவர்களை நீக்கிவிடுங்கள். அன்றைக்குப் போன் செய்து "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

13. செத்தவர் குடிச்சுட்டு அவங்களை அடிச்சவர். "நல்ல மனுஷன்"னு எப்படிச் சொல்றது?

சொல்ல வேண்டாம். அவரைப் பற்றியே பேசாமல் உயிரோடிருப்பவரைப் பற்றிப் பேசுங்கள். "நீங்க ரொம்பத் தாங்கிட்டீங்கக்கா. நான் இருக்கேன்." அவர் அழுதாலும் அழாவிட்டாலும் வியக்காதீர்கள். வெறுத்தவர் இறந்தாலும் அழுகை வரும், நிம்மதியும் வரும். இரண்டும் ஒரே நாளில் வரலாம்.

14. ஒருத்தங்களைப் பிடிச்சிருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

இங்கேயும் அதே அளவுகோல்தான். எதிரிலிருப்பவர் "இல்லை" என்று சொல்வதை நீங்கள் சுலபமாக்க வேண்டும். அதனால் நண்பர்கள் சூழ நிற்கும் இடம், பிறந்தநாள் விழா, மேடை, அவர் தனியாக மாட்டிக்கொள்ளும் கார் எதுவும் வேண்டாம். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரிடமோ உங்களிடம் படிப்பவரிடமோ சொல்லவே கூடாது. அவரால் மனம் விட்டு மறுக்க முடியாது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நட்பைத் தாண்டித்தான் சொல்றேன். உங்களுக்கு அப்படி இல்லன்னா தயங்காம சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். இப்பவே சொல்லணும்னு இல்ல." இவ்வளவுதான். ஏன் பிடிக்கும் என்று கேட்டால் சொல்ல உண்மையான ஒரு காரணம் இருக்கட்டும். கவிதை, நீளமான கடிதம், "நீ இல்லன்னா நான் இல்ல" எல்லாம் கேட்பவருக்குப் பாரம்.

15. "இல்ல"ன்னுட்டாங்க. இன்னொரு தடவை பேசிப் பாக்கலாமா?

கூடாது. "சரி, சொன்னதுக்கு நன்றி" என்று சொல்லி விலகுங்கள். பதில் வராததும், "இப்ப அதெல்லாம் யோசிக்கல" என்பதும் இல்லை என்பதன் வேறு வடிவங்கள்தான். விருப்பமில்லை என்று தெரிவித்த பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்வதும், மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின் கீழ் குற்றம். முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை. நண்பர்களைத் தூது அனுப்புவதும் தொல்லைதான். விடாமல் சுற்றினால் மனசு மாறும் என்று நம்பிப் பல பெண்களின் படிப்பும் வேலையும் நின்றிருக்கின்றன.

16. வீட்டுல சொல்லணும். வேற சாதி. எங்க ஆரம்பிக்குறது?

முதலில் ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: வீட்டில் அடி, பூட்டி வைத்தல், உயிருக்கு ஆபத்து வர வாய்ப்பு உண்டா? உண்டு என்றால் வீட்டுக்குள் நின்று சொல்லாதீர்கள். சான்றிதழ்கள், ஆதார், போன் மூன்றும் கையில் இருக்கும்படி வெளியே பாதுகாப்பான இடத்திலிருந்து சொல்லுங்கள். 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் இத்தகைய தம்பதியருக்குப் பாதுகாப்புத் தரத் தனிப்பிரிவு அமைக்க உத்தரவிட்டது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

அந்த ஆபத்து இல்லை என்றால், வீட்டில் யார் பேச்சு எடுபடுமோ அந்த ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். அத்தை, சித்தப்பா, அக்கா வீட்டுக்காரர் என்று யாராவது இருப்பார்கள். அம்மா அப்பாவிடம் முதல் வாக்கியத்திலேயே விஷயம் வந்துவிட வேண்டும். "அப்பா, நான் ஒருத்தரை விரும்புறேன், அவரைத்தான் கல்யாணம் பண்ணிக்க நினைக்கிறேன். பேர் இது, வேலை இது, வேற சாதி. உங்ககிட்ட மறைச்சு எதுவும் செய்யக் கூடாதுன்னுதான் சொல்றேன்." சாதியை அவர்கள் கேட்டுப் பிடுங்கும்வரை வைத்திருந்தால் ஏமாற்றிய மாதிரி ஆகும். "ஓடிப் போயிடுவேன்" என்று மிரட்டினால் அன்றே பேச்சு முடிந்தது.

சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன் கீழ் பதியப் போனால் 30 நாள் அறிவிப்பு பதிவாளர் அலுவலகத்தில் ஒட்டப்படும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, எப்போது சொல்வது என்று முடிவு செய்யுங்கள்.

17. பிரேக்கப் பண்ணணும். அவங்க மனசு நோகாம எப்படிச் சொல்றது?

நோகாமல் முடியாது. இழுக்காமல் சொல்லலாம். பேச ஆரம்பித்த இரண்டு நிமிஷத்துக்குள் முடிவைச் சொல்லிவிடுங்கள்: "நம்ம உறவை இதோட முடிச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். யோசிச்சுத்தான் சொல்றேன், இது மாறாது." காரணம் ஒன்று போதும், அதுவும் உங்களைப் பற்றியதாக இருக்கட்டும்: "கல்யாணம்னு நினைச்சா எனக்கு மனசு ஒப்பல." குற்றப் பட்டியல் வாசித்தால் "அதை மாத்திக்கறேன்" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வரும், ராத்திரி ரெண்டு மணிவரை வழக்காடுவீர்கள்.

முடிவை எடுத்துவிட்டு "கொஞ்சம் டைம் வேணும்" என்று சொல்வது, பதில் போடாமலே விட்டுவிடுவது இரண்டும் எதிராளியை மாதக்கணக்கில் காக்க வைக்கும். "உனக்கு என்னைவிட நல்லவங்க கிடைப்பாங்க", "ஃப்ரெண்ட்ஸா இருப்போம்" இரண்டையும் அன்றைக்குச் சொல்ல வேண்டாம். மொத்தம் கால் மணி, அரை மணி போதும். அவர் தேர்வு எழுதும், நேர்முகத்துக்குப் போகும் காலையில் மட்டும் சொல்லாதீர்கள். இருவருக்கும் நேரில் பேசும் அளவு உறவு இருந்தால் நேரில் சொல்வது மரியாதை. அவர் கை ஓங்கியவர் என்றால் போனில் சொல்லுங்கள், சொல்வதற்கு முன் ஒரு தோழிக்குத் தெரிவித்துவிடுங்கள்.

18. பிரியலாம்னு சொன்னா "செத்துடுவேன்"ங்கறான். பயமா இருக்கு.

மிரட்டலா நிஜமா என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நிஜம் என்றே எடுத்துக்கொண்டு, அவர் வீட்டில் ஒருவருக்கோ நெருங்கிய நண்பருக்கோ அந்த நிமிஷமே போன் செய்யுங்கள். அவரிடம், "நீ சொன்னதை நான் சும்மா எடுத்துக்க மாட்டேன், உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், அவர் வர்றார். 14416-க்குப் பேசு" என்று சொல்லுங்கள். முடிவை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் அடுத்த தடவையும் இதே வார்த்தை வரும், அப்போது இன்னும் பெரிதாக வரும்.

19. நிச்சயம் நின்னுபோச்சு. சொந்தக்காரங்களுக்கு என்னன்னு சொல்றது?

ஒரே செய்தி, இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே வாசகம், ஒரே நாளில். "ஆவணியில் நடப்பதாக இருந்த எங்கள் மகள் திருமணம் இரு வீட்டாரும் பேசி நிறுத்தப்பட்டுள்ளது. எல்லோரும் நலம். இதுபற்றி மேலும் விசாரிக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்." காரணம் எழுதாதீர்கள். எழுதும் காரணம் ஏதாவது ஒரு பிள்ளையின் அடுத்த சம்பந்தத்தில் வந்து நிற்கும். தாய்மாமன், பெரியப்பா மாதிரி ஐந்தாறு பேருக்குச் செய்தி போகும் முன்பே போன் செய்துவிடுங்கள். தட்டு மாற்றியபோது வந்த நகை, புடவையைப் பட்டியல் எழுதி, இரு பக்கமும் ஒரு பெரியவரை வைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

செய்தி கேட்ட உறவினர் சொல்ல வேண்டியது: "சரிப்பா, பாப்பா நல்லா இருக்காளா? ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட அனுப்பு." விவாகரத்து ஆனவரிடமும் இப்படித்தான். "வாழாவெட்டி" என்ற சொல்லை இனி யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

20. நண்பனுக்குப் பிரேக்கப். "அவ உனக்கு வேணாம்டா"ன்னு சொன்னா தப்பா?

அடுத்த மாதம் அவர்கள் சேர்ந்துவிட்டால் நீங்கள் திட்டியதுதான் ஞாபகம் இருக்கும். அதோடு, திட்டினால் அவளுக்காகப் பரிந்து பேசும் வேலை அவனுக்கு வந்துவிடும். "கஷ்டமாத்தான்டா இருக்கும். வா, டீ குடிக்கப் போலாம்" போதும். அதே கதையை நாலாவது தடவை சொன்னாலும் கேளுங்கள்.

21. எக்ஸோட அப்பா இறந்துட்டார். எனக்கு அவர் ரொம்பப் பிரியம். போலாமா?

முன்னாள் காதலரிடம் அனுமதி கேட்காதீர்கள். அன்றைக்கு அவருக்கு அது இன்னொரு பாரம். பொது நண்பர் மூலம் "வந்தா யாருக்கும் சங்கடமா இருக்குமா?" என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் போகாமல், நாலாவது பதிலில் உள்ள மாதிரி ஒரு செய்தி அனுப்புங்கள். அதில் உங்கள் இருவர் கதை ஒரு சொல்கூட வேண்டாம், அப்பாவைப் பற்றி மட்டும். போவதானால் கூட்டம் இருக்கும் நேரத்தில், இன்னொருவருடன் போய், பெரியவரைக் கும்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுங்கள். முன்னாள் காதலருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தால் அவர் துணைக்கும் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

22. தோழியோட லவ்வர் ஆக்ஸிடென்ட்ல போயிட்டார். அவங்க காதலிச்சதே யாருக்கும் தெரியாது. அவளுக்கு நான் என்ன செய்ய?

இந்தத் துக்கத்தை யாரும் விசாரிக்க வர மாட்டார்கள். அவள் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், வீட்டில் சிரித்துப் பேச வேண்டும். அதனால் துக்கம் கேட்க வேண்டிய முழு ஊரும் நீங்கள்தான். அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவரைப் பற்றிக் கேளுங்கள். அழ ஓர் அறை, ஒரு மொட்டை மாடி ஏற்பாடு செய்யுங்கள். பதினாறாம் நாள், பிறந்தநாள், முதல் வருஷம் மூன்றையும் உங்கள் போனில் குறித்து வைத்துக்கொண்டு அன்றைக்கு அவளோடு இருங்கள்.

கடைசியாகப் பார்க்க வேண்டும் என்பாள். அலுவலக நண்பர்கள், கல்லூரி நண்பர்கள் போகும் கூட்டத்தோடு கூட்டமாக அழைத்துப் போங்கள். நீங்கள் அவள் கையை விடாதீர்கள். யார் என்று கேட்டால் "கூட வேலை பாத்தவங்க" என்று நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள். அவர் வீட்டில் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பதை அன்றைக்கே முடிவு செய்ய விடாதீர்கள். சில மாதம் போகட்டும். அவருடைய சட்டை, கடைசி மெசேஜ், ஃபோட்டோ எதையும் "பாத்தா இன்னும் கஷ்டம்" என்று சொல்லி அழிக்கச் சொல்லாதீர்கள். போன் மாற்றும்போது தொலைந்துவிடாமல் இன்னோர் இடத்திலும் பிரதி எடுத்து வைத்துக் கொடுங்கள்.